எண்பத்தேழாவது காவல் வட்டாரம்

ஞாயிறுதோறும் பிற்பகல் மூன்று மணிக்கு நான் என் அண்ணனுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுகிறேன். குளுக்கோமா என்னும் கண்ணழுத்த நோய் அவருடைய பார்வையைச் சிறிது சிறிதாகக் கவர்ந்துவிட்டது. அச்சிட்ட பக்கம் இன்று அவருக்கு வெறும் சாம்பல் நிறம். நான் வாசிப்பது சங்கப் பாடலும் அன்று, கம்பனும் அன்று. எட் மெக்பெயின் என்ற அமெரிக்க எழுத்தாளரின் காவல்துறைப் புதினங்கள். ஆங்கில வரியைக் கண்ணால் வாங்கித் தமிழாக வாயால் விடுவேன். தமிழ் முதுகலை பயின்று வகுப்பறையிலேயே வாழ்நாளைக் கழித்த எனக்கு இப்படியொரு பணி வாய்க்குமென நான் கருதியதே இல்லை.

கருதாததற்குக் காரணம் என் செருக்குதான். அண்ணன் இரயில்வேயில் பயணச்சீட்டு எழுத்தராகச் சேர்ந்த புதிதில், சென்னை மூர் மார்க்கெட்டுப் பழைய புத்தகக் கடைகளிலிருந்து இப்புதினங்களை வாங்கி வருவார். 1985இல் அம்மார்க்கெட்டு எரிந்து போனபின், மாற்றலாகிப் போன ஊர்களிலெல்லாம் நடைபாதைக் கடைகளைத் தேடிக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு நூலின் முதல் தாளிலும் வாங்கிய ஊரையும் நாளையும் பென்சிலால் குறிப்பார். கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டி அவற்றால் நிரம்பிற்று. நான் அப்போது முதுகலை மாணவி. “இதெல்லாம் இலக்கியமா, அண்ணா?” என்று ஒருநாள் கேட்டேன். கேள்வியில் ஏளனம் இருந்தது. அவர் சினங்கொள்ளவில்லை. “இலக்கியமான்னு எனக்குத் தெரியாதும்மா. டூட்டி முடிஞ்சு வர்றவனுக்கு, டூட்டியில இருக்கிறவங்க கதை பிடிக்குது” என்றார்.

அந்த விடையின் பொருள் எனக்கு விளங்க முப்பது ஆண்டுகள் ஆயின.

துப்பறியும் கதை என்றதும் நம் மனத்தில் தோன்றுபவன் தனியொரு மேதை. ஷெர்லாக் ஹோம்ஸ் ஆயினும் நம் சங்கர்லால் ஆயினும், மற்றவர் விழிக்கு அகப்படாதது அவன் விழிக்கு அகப்படும். காவலர்கள் அவன்பின் நின்று வியப்பார்கள். மெக்பெயின் இந்த அமைப்பைத் தலைகீழாக்கினார். 1956ஆம் ஆண்டில் வெளிவந்த ‘காப் ஹேட்டர்’ முதல் 2005இல் வெளிவந்த ‘ஃபிட்லர்ஸ்’ வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், ஐம்பதுக்கும் மேற்பட்ட புதினங்களில் அவர் எழுதியது ஒரே காவல் நிலையத்தின் கதையை. அங்கு மேதை எவனும் இல்லை. ஸ்டீவ் கரெல்லா இருக்கிறார். தலையில் ஒரு முடிகூட இல்லாத, பொறுமையே உருவான மேயர் மேயர் இருக்கிறார். மகனின் பெயரைக் குடும்பப் பெயராகவே வைத்துத் தந்தை செய்த வேடிக்கையை ஆயுள் முழுதும் சுமப்பவர் அவர். இளைஞன் பெர்ட் கிளிங், சிவந்த தலைமுடிக்கு நடுவே வெண்கீற்று ஓடும் காட்டன் ஹாஸ், எழுத்தர் அறையில் குடிக்கவியலாத காப்பி போடும் மிஸ்கோலோ ஆகியோரும் உண்டு. ஒருவர் கண்டறிந்த செய்தியை மற்றொருவர் பதிவு செய்வார். மூன்றாமவர் கதவு கதவாகத் தட்டுவார். பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. மறுநாள் மீண்டும் தட்டுவார்கள்.

மிஸ்கோலோவின் காப்பியைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் அண்ணன் சிரிப்பார். தம் அலுவலகத் தேநீர் நினைவுக்கு வந்துவிடுமாம்.

இக்கதைகள் நிகழும் நகருக்குப் பெயரே இல்லை. அதன் பகுதிகளுக்குத்தான் பெயருண்டு. நடுப்பகுதி ஐசோலா. இத்தாலிய மொழியில் தீவு என்று பொருள். காம்ஸ் பாயிண்ட், மஜெஸ்டா, ரிவர்ஹெட், பெத்டவுன் என்பன ஏனைய நான்கு. நியூயார்க்கு நகரின் வரைபடத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தால் இந்நகரம் தெரியும் என்பார்கள். நகரம் கற்பனை, மாந்தர் கற்பனை, காவல்துறையின் நடைமுறை மட்டும் உண்மை என்று ஒவ்வொரு புதினத்தின் தொடக்கத்திலும் ஆசிரியரே அறிவித்துவிடுகிறார். அந்த நடைமுறையைச் சொல்வதோடு நில்லாமல் காட்டவும் செய்கிறார். கதையின் நடுவே கைரேகைப் பதிவுத் தாள், பிணக்கூறாய்வு அறிக்கை, நிரப்பப்பட்ட காவல்துறைப் படிவம் ஆகியன உள்ளபடியே அச்சாகியிருக்கும். தொடக்கத்தில் இவற்றை வாசிக்காமல் தாண்டிவிட முயன்றேன். அண்ணன் விடவில்லை. “படிவத்தைப் படிம்மா. ஒவ்வொரு கட்டத்தையும் படி” என்றார். பணிக்காலமெல்லாம் படிவங்களோடு வாழ்ந்தவருக்குத் தெரிந்திருக்கிறது, உண்மை எந்தக் கட்டத்தில் ஒளிந்திருக்கும் என்பது.

கரெல்லாவின் மனைவி டெடி, பேச்சும் கேள்வியும் அற்றவர். அவரிடம் பேசும்போது கரெல்லா முகத்தைத் திருப்பமாட்டார். இதழசைவைக் கொண்டே அவர் அறிந்துகொள்ள வேண்டும். 1956லேயே இப்படியொரு பெண்ணை இரக்கத்திற்குரியவராக ஆக்காமல், அறிவும் துணிவும் உள்ளவராகப் படைத்தமை எனக்கு உவப்பானது. இவ்வரிசையின் பெரும்பகைவனும் ‘செவிடன்’ என்றே அழைக்கப்படுகிறான். 1960இல் ‘தி ஹெக்லர்’ புதினத்தில் தோன்றிப் பல நூல்களில் திரும்பத் திரும்ப வந்து காவலர்களைத் திணறடிப்பவன். குறையுடையோரை நல்லவர் பக்கம் மட்டும் நிறுத்தாததும் ஒருவகை மதிப்புத்தான். எல்லாம் எனக்கு உடன்பாடு என்று எண்ணிவிட வேண்டா. பழைய நூல்களில் பெண்களை வருணிக்கும் பக்கங்கள் சில முகஞ்சுளிக்க வைக்கின்றன. பிற்காலப் புதினங்கள் தேவைக்கு மேல் பருத்தும் போயின. வன்முறை மிகுந்த இடங்களை நான் சுருக்கிச் சொன்னால், “ரெண்டு பக்கம் புரட்டுற சத்தம் கேட்டுதே” என்பார் அண்ணன்.

ஆசிரியரின் வரலாறு எனக்குத் தனிச்சுவை தந்தது. மெக்பெயின் என்பது புனைபெயர். சால்வட்டோர் லொம்பினோ என்ற பெயரில் 1926இல் நியூயார்க்கில் பிறந்தவர், பின்னர் ஈவன் ஹண்டர் என்று சட்டப்படி பெயர் மாற்றிக்கொண்டார். 1950இல் ஒரு தொழிற்கல்விப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்து சில நாள்களிலேயே விலகியவர். அந்தச் சில நாள்கள் 1954இல் ‘தி பிளாக்போர்டு ஜங்கிள்’ என்னும் புகழ்பெற்ற புதினமாயின. இத்தனை ஆண்டுகள் வகுப்பறையில் நின்றும் ஒரு புதினம் எழுதாத நான், சில நாள் நின்றவரைப் பொறாமையோடு நினைத்துக்கொண்டேன். மூன்றாவது புதினமான ‘தி புஷர்’ முடிவில் கரெல்லாவைச் சாகடித்துவிட அவர் திட்டமிட்டிருந்தார். பதிப்பகத்தார் ஒப்பவில்லை, முடிவு மாற்றப்பட்டது. அன்று கரெல்லா இறந்திருந்தால், அண்ணனின் தகரப் பெட்டி என்னவாகியிருக்கும்!

பார்வை மங்கத் தொடங்கியபோது அண்ணனிடம் இருந்தவை முப்பத்தொரு நூல்கள். பட்டியல் எழுதிய ஒரு குறிப்பேட்டை என்னிடம் தந்து, எஞ்சியவற்றைத் தேடித்தரச் சொன்னார். அன்றுமுதல் நானும் நடைபாதைக் கடைகளில் குந்தியமர்ந்து அட்டை கிழிந்த நூல்களைப் புரட்டுகிறேன். பச்சை அட்டைப் பென்குயின் பதிப்பையும் பான் பதிப்பையும் தொலைவிலிருந்தே அறிந்துகொள்வேன். கடைக்காரர்கள் பாடநூல் கேட்டு வந்தவள் என்றெண்ணி உரைநூல்களை எடுத்துப் போடுவார்கள்.

நூல்கள் வரிசையாகவா கிடைக்கும்? கிடைத்ததை வாசித்தோம். ‘தி மக்கர்’ புதினத்தில் கிளிங் சாதாரணக் காவலனாக இருக்கும்போது கிளேர் டவுன்செண்டு என்ற கல்லூரி மாணவியைச் சந்திக்கிறான். கொரியப் போரில் காதலனை இழந்து மனம் இறுகியவள் அவள். அவ்விறுக்கம் மெல்ல மெல்ல நெகிழ்வதை நான் மகிழ்ச்சியோடு வாசித்தேன். அண்ணன் கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். சில வாரங்கள் கழித்து வாசித்த பிந்தைய புதினம் ஒன்றில், கிளேர் முன்பே கொலையுண்டாள் என்று போகிறபோக்கில் ஒரு செய்தி வந்தது. எனக்கு நா எழவில்லை. “உங்களுக்குத் தெரியுமா, அண்ணா?” என்றேன். தெரியும் என்றார். “அன்னைக்கே ஏன் சொல்லல?” என்று கேட்டேன்.

“அன்னைக்கு அவ உயிரோடதானே இருந்தா” என்றார்.

அவள் இறக்கும் புதினம் 1961இல் வந்த ‘லேடி, லேடி, ஐ டிட் இட்’. புத்தகக் கடை ஒன்றில் யாரோ துப்பாக்கியால் சுட்டு நால்வர் மடிகின்றனர். விசாரிக்கச் சென்றவர்களுள் கிளிங்கும் ஒருவன். மடிந்தவர்களுள் கிளேரும் ஒருத்தி. இந்நூல் அண்ணனிடம் முன்பு இருந்தது. உடன்பணியாற்றிய ஒருவர் இரவல் வாங்கிச் சென்றார். நூலும் திரும்பவில்லை, அவரும் மாற்றலாகிப் போய்விட்டார். குறிப்பேட்டில் அந்தப் பெயருக்கு நேரே மட்டும் இரண்டு கோடுகள் இழுக்கப்பட்டிருந்தன. நான்கு ஆண்டுகள் தேடினேன். சென்ற ஆண்டு சென்னையில் ஒரு நடைபாதைக் கடையில், பழைய வார இதழ்க் கட்டொன்றின் அடியில் அது கிடைத்தது. முப்பது ரூபாய். முதல் தாளைப் புரட்டினேன். அண்ணனின் பென்சில் குறிப்பு இருக்குமோ என்றொரு பேராசை. இல்லை, அது வேறு யாரோ வைத்திருந்த படி.

இரண்டு ஞாயிறுகள் வாசித்தோம். கிளிங் அவளைக் கண்டறியும் பக்கத்தில் எனக்குக் குரல் தடைப்பட்டது. அண்ணன் தண்ணீர்க் குவளையைத் தடவி எடுத்து என் பக்கம் நகர்த்தினார். மூன்றாம் ஞாயிறு முடிவை நெருங்கியபோதுதான் பார்த்தேன்: கடைசித் தாள்களைக் காணவில்லை. பசை காய்ந்து எங்கோ உதிர்ந்து போயிருந்தன. வாங்கும்போது முதல் தாளைப் பார்த்தவள், கடைசித் தாளைப் பார்க்கவில்லை. சொல்லக் கூசியது, சொன்னேன்.

அண்ணன் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, “நீ உட்காரும்மா, நான் சொல்றேன்” என்று தொடங்கினார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் படித்த பக்கங்கள். யார் எங்கே நின்றார், என்ன சொன்னார், கரெல்லா எந்தப் பக்கம் திரும்பினார் என்பது வரை சொன்னார். அது மெக்பெயின் எழுதிய முடிவுதானா, நெடுங்காலம் நெஞ்சில் கிடந்து அண்ணனுடையதாகிவிட்ட முடிவா என்பதை நான் சரிபார்க்கவில்லை. குறிப்பேட்டை எடுத்து அந்தப் பெயருக்கு நேரே ஒரு குறியிட்டேன். இன்னும் ஏழு நூல்கள் கிடைக்க வேண்டியுள்ளன.