சிரசும் உடலும்

வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. வெட்டுண்ட ரேணுகையின் தலை ஊர்வலமாக வந்து, கோபாலபுரத்துக் கோயிலில், சண்டாளச்சி என்று கதை சொல்லும் பெண்ணின் உடலில் பொருத்தப்படும். தேங்காய்கள் உடைபடும் ஓசைக்கிடையே அதைக் கண்டு வளர்ந்த எங்களுக்கு, வேற்றுடல் அத்தலையை எப்படி ஏற்றது என்ற ஐயம் எழுந்ததேயில்லை. தம்பிக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்த பிறகே எழுந்தது.

இந்தியாவில் வெற்றிபெற்ற தொடக்ககாலச் சிறுநீரக மாற்றுகளில் ஒன்று 1971இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் நடந்தது. எங்கள் ஊருக்கு அண்மையில் நடந்த அதன் பொருள் எங்களுக்கு வெகுகாலம் கழித்தே விளங்கியது.

உடன்பிறந்தோர் மூவரும் சோதனைக்கு இரத்தம் கொடுத்தோம். திசுவின் அடையாளமான எச்.எல்.ஏ. புரதங்களில் ஒரு தொகுதி தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வருகின்றன. ஆகவே உடன்பிறந்த இருவர் முற்றிலும் ஒத்திருக்க நான்கில் ஒரு வாய்ப்பே உண்டு. அக்காவுக்குப் பாதி பொருந்தியது. அவரே கொடுத்தார்.

இந்த அடையாளத்தைச் சோதிப்பவை டி செல்கள். எலும்பு மஜ்ஜையில் பிறந்து, மார்பெலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பியில் பயில்பவை. சொந்த எச்.எல்.ஏ.வை அறவே அறியாத செல் அங்கே மடிகிறது. சொந்தத் திசுவை இறுகப் பற்றுவதும் பெரும்பாலும் மடிகிறது. தேறி வெளிவருபவை நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. தன்னை அறிந்திருக்க வேண்டும், தன்மேல் பாயக் கூடாது என்பதே தேர்வு. தப்பி வரும் முரடுகளை அடக்கவும் தனியாகச் சில டி செல்கள் உண்டு. அவற்றைக் கண்டறிந்த சகாகுச்சி, பிரன்கோ, ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025இல் நோபல் பரிசு கிடைத்தது.

கிருமியை டி செல் நேராகக் காண்பதில்லை, சொந்த எச்.எல்.ஏ. ஏந்திக் காட்டும் அதன் துணுக்கையே காண்கிறது. 1974இல் இதைச் சொன்னவர்கள் சிங்கர்நாகலும் டோஹர்ட்டியும். பிறருடைய எச்.எல்.ஏ.வோ, கிருமியை ஏந்திய சொந்தக் கையைப் போலவே அதற்குத் தோற்றமளிக்கிறது. உடனே பாய்கிறது. கொடுத்தவர் அக்கா என்பது அதன் கணக்கில் இல்லை.

ஆகவே தம்பி காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் மாத்திரை விழுங்குகிறான். அது டி செல்களைச் சமாதானப்படுத்துவதில்லை. வாயடைத்து வைக்கிறது, அவ்வளவே. அதனால் நோய்த்தொற்றுக்கு அஞ்சித் திருவிழாக் கூட்டத்தில் அவன் இறங்குவதில்லை. மொட்டைமாடியில், அக்காவின் அருகில் நின்று சிரசு போவதைப் பார்க்கிறான்.

அம்மனுக்கு ஆண்டுக்கு ஒருமுறை பொருத்தினால் போதும். எங்கள் வீட்டில் நாளுக்கு இருமுறை.