கடதாசி, ஊசி, நூல்

மாத்தளைக்குத் தெற்கே ஆறு கிலோமீற்றர் போல வரும் எங்கள் உக்குவளை. இங்கே கராம்பு விற்கலாம், போனுக்கு ரீலோட் போடலாம், ஏ.எல். பாஸ்ட் பேப்பர் வாங்கலாம். ஒரு நாவல் வாங்குவதென்றால்தான் கஷ்டம். "புத்தகக் கடை" என்று பலகை போட்ட இடத்தில் கேட்டால், "எந்த வகுப்புக்கு?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

அதனால் "வாசிப்பு உங்கட ஹொபியா?" என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். வாசிக்கிற நேரத்தைவிடப் புத்தகத்தைத் தேடிப் பிடிக்கிற நேரம்தான் கூட. கோச்சியில் வத்தேகம, கட்டுகஸ்தோட்டை தாண்டிக் கண்டிக்குப் போனால் டி.எஸ். சேனநாயக்க ஞாபகார்த்த நூலகம் இருக்கிறது. இந்தக் கோச்சிப் பாதை 1880இல் மாத்தளைக்கு வந்தது. தோட்டத்து விளைச்சலை இறக்கப் போட்ட பாதை, எனக்குப் புத்தகம் ஏற்றத்தான் உதவியது. அது போக, செப்டம்பரில் கொழும்பில் நடக்கிற புத்தகக் கண்காட்சிக்கு மாமாட மகன் போகும்போது கையில் ஒரு லிஸ்ட் கொடுத்துவிடுவேன். பத்துப் பெயர் எழுதினால் மூன்று வரும். காரணம் விலை. இந்தியாவில் அச்சான புத்தகம் என்றால் பின் அட்டை விலையை நாலால் பெருக்கிப் பார்ப்பது எங்கள் பழக்கம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய், மே மாதத்தில் 360. அந்த மார்ச்சில்தான் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. பரீட்சைக்கே தாள் இல்லாத நாட்டில் நாவலுக்கு யார் அழுவது?

அந்த வருஷம்தான் நான் புத்தகம் கட்டப் பழகினேன்.

எங்கட எழுத்தாளர்களின் பழைய புத்தகங்கள் நிறைய இப்போது அச்சில் இல்லை. ஆனால் 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் ஈழத்து நூல்களை ஸ்கேன் செய்து ஏற்றி வைத்திருக்கிறது. காசில்லாமல் வாசிக்கலாம். நான் முதலில் தேடியது சித்தி லெப்பையின் 'அசன்பேயுடைய கதை'. கண்டியில் பிறந்த ஒரு வழக்கறிஞர் 1885இல் எழுதிய நாவல் அது. தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சாகி ஆறே வருஷம். எங்கள் பக்கத்து ஊர் ஆள்! ஆனால் கதையில் கண்டி இல்லை. எகிப்தில் பிறந்த பிள்ளை களவு போய் பம்பாயில் வளர்கிறது. மலைக்கு நடுவில் இருந்தவர் கடலுக்கு அந்தப் பக்கத்தையே யோசித்திருக்கிறார். அந்த ஆசை எனக்கு நல்லாப் புரிகிறது.

போன் திரையில் வாசித்துக் கண் எரிந்தது. டவுனில் பிரின்ற் எடுத்தேன். தாளை ஸ்டேப்ளர் அடித்து வைத்தால் ரெண்டு வாரத்தில் பிய்ந்துவிடும். அப்படித்தான் ஊசியை எடுத்தேன். செய்கிறது சுகம். ஏ4 தாள் நாலை ஒன்றாக வைத்து நடுவில் மடித்தால் 16 பக்கம். அது ஒரு பிடி. அப்படி எட்டுப் பிடி, பத்துப் பிடி சேர்த்து, மடிப்பில் துளை போட்டு, மெழுகில் இழுத்த நூலால் ஒன்றோடொன்று தைக்க வேண்டும். அட்டைக்கு பிஸ்கட் பெட்டி. மேலே ஒட்ட வாப்பாட பழைய சாரம். பசைக்குக் கோதுமை மாவு. மாவுப் பசை பூச்சிக்குப் பெருநாள் சாப்பாடு மாதிரி என்பதால் பழைய பைண்டர்மார் அதில் கொஞ்சம் மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பதால் நான் அலுமாரித் தட்டில் கராம்பு போடுகிறேன். பூச்சி பயப்படுதோ இல்லையோ, புத்தகம் மணக்கும். மாத்தளையில் பிறந்ததன் ஒரே லாபம்.

உம்மாவுக்கு இது விளங்கவே இல்லை. "ஊடு முழுக்கக் கடதாசி. தைக்கிற கை ரெண்டு சட்டையத் தச்சாலும் சல்லி வரும்." அது உண்மைதான். ஆனாலும் என் முதல் புத்தகத்தின் முதுகு கோணியிருந்ததைப் பார்த்து, நூலை எங்கே இறுக்க வேண்டும் என்று காட்டித் தந்ததும் உம்மாதான். அவங்கட தையல்தான் இப்போது என் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது.

கரீபியன் கடலில் சென் லூசியா என்று ஒரு சின்னத் தீவு. அங்கே பிறந்த டெரெக் வால்கொட் 18 வயதில் தன் முதல் கவிதைப் புத்தகத்தைத் தானே போட்டார், 1948இல். பதிப்பகம் எதுவும் தேடி வரவில்லை. ஆசிரியையான அவருடைய உம்மா தையலும் தைப்பார். அவரிடம் 200 டொலர் வாங்கி, ட்ரினிடாட்டில் அச்சடித்து, பிரதிகளைத் தெரிந்தவர்களிடம் தானே கொண்டுபோய் விற்றுக் காசைத் திருப்பிக் கொடுத்தார். 1992இல் நோபல் பரிசு. கடைசிவரை வாட்டர் கலரில் படமும் வரைந்துகொண்டிருந்தார். இதை உம்மாவிடம் சொன்னபோது அவங்க கேட்டது ஒன்றே ஒன்று: "சல்லியத் திருப்பிக் குடுத்தானா?" குடுத்தான் என்றேன். "நல்ல பிள்ளை."

வெளியூர்க் கதை எதற்கு, எங்கள் பக்கத்திலேயே பெரிய கதை இருக்கிறது. மாத்தளைக்கு வடக்கே மூன்று கிலோமீற்றரில் அலுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாயாலேயே ஓதிக் காப்பாற்றி வந்த பௌத்த திரிபிடகத்தை பிக்குகள் அங்கேதான் ஓலையில் எழுதினார்கள். யுத்தமும் பஞ்சமும் வந்து, மனப்பாடம் செய்தவர்கள் செத்துப்போனால் எல்லாமே போய்விடும் என்ற பயம். பிறகு 1848 மாத்தளைக் கலகத்தில் வெள்ளைக்காரப் படை அந்த இடத்தைச் சிதைத்தது. இன்றைக்கும் போனால் தாளிப்பனை ஓலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியால் கீறி, கரியும் எண்ணெயும் தேய்த்துத் துடைத்துக் காட்டுவார்கள். கீறும்போது எழுத்து கண்ணுக்கே தெரியாது. கரி பூசித் துடைத்த பிறகுதான் கறுப்பாய் எழும்பி வரும். பாடசாலைச் சுற்றுலாவில் பார்த்தபோது அது எனக்கு மேஜிக் மாதிரி இருந்தது. பஞ்ச காலத்தில் எழுதத் தொடங்கினார்கள் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் வந்தது. மாத்தளை மாவட்டம் பட்ட பாட்டை நான் சொல்லத் தேவையில்லை. மண் சரிந்து ஊடும் உசிரும் போன இடங்களை நினைத்தால், புத்தகத்தைப் பற்றிக் கவலைப்படவே வெட்கமாக இருக்கும். எங்கள் வீடு மேட்டில் இருந்ததால் தப்பியது. உம்மும்மாட வீடு பள்ளத்தில். சுது கங்கை அறைக்குள்ளேயே வந்தது. சாதாரண நாளிலேயே இந்த ஆற்றில் பொல்கொல்லையிலிருந்து சுரங்கத்தால் திருப்பி எங்கள் மின் நிலையத்துக்கு விட்ட மகாவலித் தண்ணீரும் சேர்ந்துதான் ஓடும். உம்மும்மாவை முதல் நாளே எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தோம். அங்கே ஒரு பெட்டியில் நான் வைத்திருந்த அறுபது சொச்சம் புத்தகமும், உம்மும்மாட ஒரு கொப்பியும் நனைந்தன.

நனைந்த புத்தகத்துக்கு ரெண்டு நாள்தான் தவணை. அதற்குள் காயத் தொடங்காவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். ஃப்ரிட்ஜ் ஐஸ் பெட்டியில் உறையவைத்தால் அவகாசம் கிடைக்கும், பிறகு ஒவ்வொன்றாய் எடுத்துக் காயவைக்கலாம். எங்களுக்குக் கரண்ட் இல்லை. பழைய 'வீரகேசரி'யைப் பத்துப் பதினைந்து பக்கத்துக்கு ஒன்றாகச் செருகி, ஈரம் ஊறினதும் மாற்றி மாற்றி வைத்தோம். வெயிலில் போடக் கூடாது, தாள் நெளிந்துபோகும். பளபளப்புத் தாள் உள்ளவை கல்லாய் ஒட்டிக்கொண்டன. அவற்றை விட்டுவிட்டேன். ஃபோட்டோகொப்பி எடுத்தவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்த மை தண்ணீரில் கரையாது. இங்க்ஜெட்டில் அடித்தவை ஊதாவாய்ப் பரவின. நான் தைத்தவற்றில் மாவுப் பசை கரைந்து அட்டை கழன்றது, ஆனால் பிடி ஒன்றும் சிதறவில்லை. உம்மாட தையல்!

கொப்பிதான் பிரச்சினை. உம்மும்மாவுக்குத் தமிழ் எழுத்து தட்டுத் தடுமாறித்தான் வரும். அவங்க படித்தது அரபுத்தமிழ், அதாவது தமிழை அரபு எழுத்தில் எழுதுவது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) எழுதிய 'மகானி'யை எங்கள் வீட்டுப் பெண்கள் அந்த எழுத்தில்தான் ஓதினார்கள். பள்ளிக்கூடம் போகாத பெண்ணைப் படிக்காதவள் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கு இது தெரியாது. கலியாண வீட்டில் பாடினது, பிள்ளையைத் தாலாட்டினது, தானே கட்டினது என்று உம்மும்மா 84 பக்கம் பேனையால் எழுதி வைத்திருந்தாங்க. பேனை மை. பாதிப் பக்கத்தில் எழுத்தின் உடம்பு நிற்கிறது, புள்ளிகள் போய்விட்டன.

அந்த எழுத்தில் புள்ளிதான் உயிர். உம்மும்மாட எழுத்தில் ஒரு எழுத்துக்குக் கீழே புள்ளி இருந்தால் ட, இல்லாவிட்டால் த. புள்ளி கரைந்த பக்கத்தை வாசிக்க அவங்கட ஞாபகம் ஒன்றுதான் இருக்கிறது. அவங்களுக்கு 79 வயது. நேற்றுச் சாப்பிட்டது மறந்துபோகும்.

எங்கள் வீட்டில் எனக்குப் பிறகு அரபுத்தமிழ் வாசிக்க ஆள் இல்லை. எனக்கே எழுத்துக் கூட்டித்தான் வரும். அதனால் ஞாயிறு பின்னேரங்களில் ரெண்டு பேரும் உட்காருகிறோம். உம்மும்மா கொப்பியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து ஓதுவாங்க, நான் தமிழ் எழுத்தில் எழுதுவேன். போனில் குரலையும் பதிகிறேன். ஒரு பின்னேரத்துக்கு ரெண்டு பக்கம், நல்ல நாள் என்றால் மூன்று. சில பக்கத்தில் அவங்க பாடத் தொடங்கி, எழுதியிருப்பதைத் தாண்டிப் போய்விடுவாங்க. அதையும் எழுதி, ஓரத்தில் ஒரு கோடு போட்டு வைக்கிறேன்.

போன கிழமை 31ஆம் பக்கத்தில் நின்றுபோனோம். ஒரு பாட்டில் வாப்பா பிள்ளையிடம் 'ஓடி' வருகிறாரா, 'ஓதி' வருகிறாரா? புள்ளி இல்லை. உம்மும்மா ரெண்டு விதமாகவும் பாடிப் பார்த்தாங்க. "என்ட வாப்பா ஓடி வந்ததை நான் கண்டதில்ல மகள். ஓதி வந்திருப்பார்." அஞ்சு நிமிஷம் கழித்து, "இல்ல, ஓடித்தான். மழைக்கு ஓடி வந்தார்." பென்சிலால் ரெண்டையும் எழுதினேன்.

84 பக்கமும் முடிந்தால் ஆறு பிடியில் அடங்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். அட்டைக்குத் துணி மட்டும் முடிவாகவில்லை. நான் பச்சை என்றேன். உம்மும்மாவுக்கு அது பிடிக்கவில்லை. கபிலம்தான் நல்லமாம், கை அழுக்குத் தெரியாதாம்.