மோரிஸ் தீவுக்குப் போகிறவர்களுக்கு

மோரிஸ் பழம் சாப்பிடாத தமிழர் உண்டோ? பச்சைத் தோலும் நீண்ட உருவமும் மலிந்த விலையுமாக விற்கும் அந்த வாழைப்பழத்தைக் கல்யாணப் பந்தியிலும் பஸ் நிலையத்திலும் எத்தனையோ தடவை உரித்துத் தின்றிருக்கிறோம். அந்தப் பெயர் இந்து மகா சமுத்திரத்திலுள்ள ஒரு தீவின் பெயரே என்று சொல்வார்கள். மொரீஷியஸ் என்பது அத்தீவின் அரசாங்கப் பெயர். பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாகப் பூகோளப் பாடம் நடத்தி, மடகாஸ்கருக்குக் கிழக்கே ஒரு கடுகளவு புள்ளியைப் பிரம்பால் தொட்டுக் காட்டி வந்தேனேயன்றி, அந்தக் கடுகுக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சென்ற கோடை விடுமுறையில்தான் கண்ணால் பார்த்தேன்.

"கோடை விடுமுறை" என்று சொன்னேன் அல்லவா? முதல் தவறு அதுதான். பூமத்திய ரேகைக்குத் தெற்கே போனால் பருவங்கள் தலைகீழாகிவிடும் என்று மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொல்லிக் கொடுக்கும் ஆசாமி, மே மாதத்தில் மெல்லிய சட்டைகளை மட்டும் பெட்டியில் அடுக்கிக்கொண்டு புறப்பட்டான். அங்கே மே முதல் அக்டோபர் வரை குளிர்காலம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கோடை. குளிர்காலம் என்றால் நடுங்க வைக்கும் குளிர் அல்ல. கடலோரத்தில் இதமாகவே இருக்கும். ஆனால் தீவின் நடுப்பகுதி மேட்டு நிலம். க்யூர்ப்பீப் என்ற ஊர் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தூறலும் பனி மூட்டமும் கலந்து, நம் ஊட்டியின் தங்கை என்று சொல்லும்படி இருக்கும். ஒரு கம்பளிச் சட்டையும் ஒரு குடையும் அவசியம் என்பதை அந்த ஊர்ச் சந்தையில் இரண்டையும் விலை கொடுத்து வாங்கித் தெரிந்துகொண்டேன்.

பிரயாணச் சீட்டுக்கு முன்னால் கவனிக்க வேண்டிய காகிதங்கள் அதிகம் இல்லை. சுற்றுலாவாகப் போகும் இந்தியப் பிரஜைகள் முன்கூட்டியே விசா வாங்க வேண்டியதில்லை. இறங்கும் இடத்திலேயே, கட்டணமின்றி, அனுமதி முத்திரை குத்துகிறார்கள். திரும்பி வருவதற்கான டிக்கெட், தங்கும் இடத்தின் விலாசம், செலவுக்குப் பணம் இருக்கிறதற்கு அத்தாட்சி ஆகிய மூன்றையும் கையோடு வைத்திருக்க வேண்டும். மும்பையிலிருந்து ஆகாய விமானத்தில் ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இறங்கியதும் கடிகாரத்தை ஒன்றரை மணி பின்னுக்குத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையம் தென்கிழக்கு மூலையிலும், தலைநகரமான போர்ட் லூயி வடமேற்கிலும் இருக்கின்றன. வாடகை மோட்டார் பிடிப்பதானால் ஏறுவதற்கு முன்பே கூலியைப் பேசி முடித்துவிடுவது உத்தமம்.

சுங்கச் சோதனை கண்டிப்பானது. செடி, விதை, பழம் முதலியவற்றை அனுமதிச் சீட்டு இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரை போன்றவற்றை உட்கொள்ளுகிறவர்கள் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு போவதுடன், புறப்படுமுன் விதிகளையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். என் மனைவி முருங்கை விதையும் கறிவேப்பிலையும் எடுத்து வைத்திருந்தாள். "அந்த ஊரில் முருங்கைக்கு எங்கே போவார்கள்?" என்பது அவளுடைய கவலை. நான் சட்டத்தைச் சொல்லி அவற்றை வீட்டிலேயே வைக்கச் செய்தேன். முருங்கைக்கு அவர்கள் எங்கே போகிறார்கள் என்பதைப் பின்னால் சொல்லுகிறேன்.

மின்சாரம் நம் ஊர் அளவுதான். ஆனால் சுவரிலுள்ள துளைகள் பெரும்பாலும் இங்கிலீஷ் மாதிரி, மூன்று சதுர முனைகளுக்கானவை. அதற்கு ஓர் இணைப்பான் வாங்கிக்கொண்டு போகாவிட்டால் கைத் தொலைபேசி இரண்டாம் நாளே கண்ணை மூடிவிடும். பிளாஸ்டிக் பைகளை 2016-ம் வருஷத்திலிருந்து தடுத்துவிட்டார்கள். ஆகையால் ஒரு துணிப்பை அவசியம்.

இனிப் பணத்தைப் பற்றி. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அங்கேயும் ரூபாய்தான். ஆனால் அது நம் ரூபாயைவிட மதிப்பு மிக்கது. எந்த விலையையும் கேட்டவுடன் ஏறக்குறைய இரட்டிப்பாக மனக்கணக்குப் போட்டுக்கொண்டால் ஊருக்குத் திரும்பியபின் வருந்த நேராது. வங்கி மேஜையில் என் கையில் கொடுத்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். "நூறு ரூபாய்" என்று தமிழில் அச்சிட்டிருந்தது! இங்கிலீஷ் முதலாவது, தமிழ் இரண்டாவது, ஹிந்தி மூன்றாவது. நூறு ரூபாய் நோட்டில் இருக்கும் உருவமோ ரங்கநாதன் சீனிவாசனுடையது. அவர் வழக்கறிஞராகவும் மந்திரியாகவும் இருந்து, தேசம் சுதந்திரம் அடைவதற்குப் பத்து வருஷம் முன்னதாக, 1958-ல் காலமான தமிழர்.

இந்த வரிசைக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1998-ல் புதிய நோட்டுக்கள் வெளியானபோது ஹிந்தி இரண்டாம் இடத்துக்கு ஏறித் தமிழ் மூன்றாம் இடத்துக்கு இறங்கியிருந்தது. தமிழர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். "முதலில் வந்தவர்கள் நாங்கள்" என்பது அவர்கள் வாதம். வெறும் வாதமும் அல்ல. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில், 1735-க்குப் பிறகு லா பூர்தொன்னே என்ற கவர்னர் துறைமுகத்தைக் கட்டியபோது, புதுச்சேரியிலிருந்து கொத்தர்களையும் கைவினைஞர்களையும் வரவழைத்திருந்தான். முடிவில் அந்த நோட்டுக்களை வாபஸ் வாங்கிக்கொண்டு, பழைய வரிசையிலேயே வேறு நோட்டுக்கள் அச்சிட்டார்கள். வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் மிகச் சிலரே உள்ள ஒரு தேசத்தில் நடந்தது இது.

ஆம், பேசுகிறவர்கள் மிகச் சிலரே. தமிழ் நோட்டைப் பார்த்த உற்சாகத்தில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் தமிழில் பேசத் தொடங்கிவிடாதீர்கள். அரசாங்கக் காரியம் இங்கிலீஷில் நடக்கிறது. பத்திரிகைகள் பெரும்பாலும் பிரெஞ்சு மொழியில் வருகின்றன. வீட்டிலும் வீதியிலும் வழங்குவது கிரியோல். பெயர்ப் பலகைகளைப் படித்தால் சிரிப்பும் வரும், மனமும் இளகும். பிரெஞ்சு எழுத்துக் கூட்டலில் முத்து என்பவர் 'மூட்டூ' ஆகியிருப்பார். வீரப்பன் 'வீராபென்' ஆகியிருப்பார். இங்கிலீஷ் தெரிந்தவர்களுக்கு எங்கும் கஷ்டம் இல்லை. 'போன்ழூர்', 'மெர்சி' என்ற இரண்டு வார்த்தைகளைக் கற்றுக்கொண்டால் கடைக்காரர் முகம் மலரும்.

போக்குவரத்து மிகவும் சௌகரியம். பிரதான தீவின் பரப்பு 1,865 சதுர கிலோமீட்டர்தான். ஜனத்தொகை பன்னிரண்டரை லட்சத்தை ஒட்டியது. எந்த மூலைக்கும் பஸ் உண்டு. வண்டிகள் நம் நாட்டைப் போலவே சாலையின் இடப் பக்கத்தில் செல்லுகின்றன. போர்ட் லூயியிலிருந்து க்யூர்ப்பீப் வரை இந்தியாவின் உதவியோடு போட்ட மின்சார ரயில் 2022 முதல் ஓடுகிறது. ஒரே ஒரு குறை: மாலை மயங்கியதும் கிராமத்து பஸ்கள் அடங்கிவிடும். மாலையில் கடற்கரையில் உட்கார்ந்து சூரியாஸ்தமனத்தை ரசித்துவிட்டு, எட்டு மணிக்கு பஸ் தேடிய கதை எங்களுக்கும் உண்டு.

கடலைப் பற்றிக் கவிகள் எழுதட்டும். நான் எச்சரிக்கை மட்டும் செய்கிறேன். தீவைச் சுற்றிப் பவளப் பாறை மதில்போல் அமைந்திருப்பதால் உட்பக்கத்துத் தண்ணீர் குளம்போல் அமைதியாக இருக்கிறது. ஆனால் தெற்கே கிரி கிரி என்ற இடத்தில் அந்த மதில் இல்லை. அங்கே கடல் நேராக வந்து மோதும். பார்க்கலாம், இறங்கக் கூடாது. மற்ற இடங்களிலும் ரப்பர் செருப்பில்லாமல் தண்ணீரில் நடக்கக் கூடாது. கல்லைப்போலவே கிடக்கும் ஒருவகை விஷ மீனும், முள்ளுருண்டைகளான கடல் ஜந்துக்களும் அடியில் உண்டு. பவளத்துண்டை ஞாபகார்த்தமாகப் பொறுக்கிக்கொண்டு வருவதும் குற்றம்.

கோடையில் போகிறவர்கள் புயலுக்குச் சித்தமாயிருக்க வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை அதிக அபாயம். ஒன்று முதல் நான்கு வரை படிப்படியாக எச்சரிக்கை விடுவார்கள். மூன்றாவது எச்சரிக்கை வந்துவிட்டால் பஸ் நின்று, கடைகள் அடைத்து, ஜனங்கள் வீட்டுக்குள் போய்விடுவார்கள். விருந்தாளியும் அப்படியே செய்ய வேண்டியதுதான். 1960-ல் அடித்த 'கேரல்' புயலை முதியவர்கள் இன்னும் மறக்கவில்லை.

சைவச் சாப்பாட்டுக்கு ஆலாய்ப் பறக்க வேண்டியதில்லை. பருப்பை அரைத்துப் பூரணமாக வைத்த 'டோல் பூரி' தெருவோரத்தில் கிடைக்கிறது. 'காத்தோ பிமான்' என்ற பிரெஞ்சுப் பெயரில் நம் மசால் வடையின் ஒன்றுவிட்ட சகோதரன் எண்ணெயில் பொரிகிறான். தமிழர் வீட்டு விசேஷங்களில் வாழை இலையில் ஏழு கறி பரிமாறுகிறார்கள். ரசத்துக்கு 'ரஸோன்' என்று பெயர். போர்ட் லூயி மத்தியச் சந்தையில் என் மனைவி ஒரு கீரைக் கட்டின்முன் அப்படியே நின்றுவிட்டாள். "என்ன கீரை?" என்று கேட்டேன். விற்பவள், "பிரெட் மூரூம்" என்றாள். முருங்கை! பக்கத்திலே 'பிப்பாங்காய்' என்று பீர்க்கங்காய் குவிந்திருந்தது. மொழி போனாலும் காய்கறிக் கூடையில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கீரைக் கட்டோடு நாங்கள் பஸ் ஏறியபோதுதான் அந்த மூதாட்டியைச் சந்தித்தோம். அறுபது வயதுக்கு மேற்பட்ட பிரஜைகளுக்கு அங்கே பஸ்ஸில் இலவசப் பிரயாணம். பேரனுடன் உட்கார்ந்திருந்தவள் என் மனைவியின் குங்குமத்தையும் திருமாங்கல்யத்தையும் பார்த்து, "தமூல்?" என்று கேட்டாள். நாங்கள் தலையசைத்ததும் கைகளைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் 'அம்மா', 'சாமி', 'கோவில்' இம்மூன்றுதான். பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லித் தந்திருந்தார்கள். என்னிடமிருந்த நோட்டை வாங்கி, "நூ...று ரூ...பாய்" என்று எழுத்துக் கூட்டிப் படித்தான். பேச வரவில்லை.

உபாத்தியாயர் குணம் என்னை விடவில்லை. "நம் பாஷையை இப்படி மறந்துவிடலாமா?" என்று அந்தப் பையனிடம் இங்கிலீஷில் கேட்டேன். அவன் பாட்டியிடம் கிரியோலில் சொன்னான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. நிதானமாக ஏதோ பதில் சொன்னாள். பையன் சற்றுத் தயங்கினான். பிறகு, "எங்களை உங்கள் ஊரில் யாராவது நினைத்துக்கொண்டிருந்தார்களா என்று பாட்டி கேட்கிறாள்" என்றான்.

என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே கரும்புத் தோட்டத்தைப் பார்த்தேன்.

மறுநாள் அவர்களே எங்களைத் துறைமுகத்தருகே 'ஆப்ரவாசி காட்' என்ற இடத்துக்கு அழைத்துப் போனார்கள். முதல் முறை போகிறவர்கள் வேறு எதை விட்டாலும் இதை விடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததும், கரும்புத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வெள்ளைக்காரர் செய்த ஏற்பாடே ஒப்பந்தக் கூலி முறை. 1834 முதல் 1920 வரை ஏறக்குறைய நாலரை லட்சம் இந்தியர் இந்தத் தீவில் வந்து இறங்கினார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவிலிருந்தும், அடுத்தபடியாகச் சென்னையிலிருந்தும் கப்பல் ஏறினார்கள். கருங்கல் கட்டடங்களில் மிச்சம் நிற்பது கொஞ்சம். பதினாறு படிகள் இருக்கின்றன. கடலிலிருந்து ஏறிய படிகள். உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாக 2006-ல் சேர்த்திருக்கிறார்கள். காந்தியடிகள் 1901-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து தாய்நாடு திரும்பும் வழியில் இத்தீவில் சில நாள் தங்கி, குழந்தைகளைப் படிக்க வையுங்கள், அரசியலில் பங்கு கொள்ளுங்கள் என்று இம்மக்களுக்குச் சொல்லிவிட்டுப் போனார். 1907-ல் அவர் யோசனைப்படி வக்கீல் மணிலால் டாக்டர் வந்து கூலிகளுக்காகக் கோர்ட்டில் வாதாடினார். 1968-ல் சுதந்திரம் வந்தபோது, தண்டி யாத்திரை தொடங்கிய மார்ச் 12-ந் தேதியையே தங்கள் சுதந்திர தினமாக்கிக்கொண்டார்கள்.

மோகா என்ற ஊரில் மகாத்மா காந்தி ஸ்தாபனத்தில் அந்தக் காலத்துக் குடியேற்றப் பதிவேடுகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். வந்தவனுடைய பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், அங்க அடையாளம், ஜில்லா, கிராமம் எல்லாம் அதில் உண்டு. அந்த மூதாட்டி தன் கொள்ளுப்பாட்டனின் பதிவை அங்கே தேடிப் பார்த்து, ஒரு சீட்டில் நகல் எடுத்து, பிரார்த்தனைக் காசைப்போல் துணியில் முடிந்து வைத்திருந்தாள். படித்துச் சொல்லும்படி என்னிடம் நீட்டினாள். ஜில்லா தெளிவாக இருந்தது, தஞ்சாவூர். கிராமத்தின் பெயரை எந்த குமாஸ்தா எந்த அவசரத்தில் காதில் வாங்கி எழுதினானோ, கடைசிப் பாதி 'நலூர்' என்றிருக்கிறது. முதல் பாதி விளங்கவில்லை. தஞ்சை ஜில்லாவில் நல்லூர்களுக்கா குறைவு? கைத் தொலைபேசியில் தேசப்படத்தை விரித்துவைத்துக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தோம். பையன் ஒவ்வொரு பெயரையும் எழுத்துக் கூட்டிப் படித்தான். பாட்டி ஒவ்வொன்றுக்கும் தலையை நிமிர்த்தினாள்.

நீங்கள் போகும்போது துணிப்பையோடும் கம்பளியோடும், நம் ஜில்லாக்களின் கிராமப் பெயர் உள்ள ஒரு நல்ல படத்தையும் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

அந்தச் சீட்டின் பிரதி இப்பொழுது என் மேஜைமேல் இருக்கிறது. வயது 22. இடது கன்னத்தில் வடு. கிராமத்தில் ஒரு வாய்க்கால் உண்டென்றும், வாய்க்கால் கரையில் ஒரு பிள்ளையார் உண்டென்றும் அவர்கள் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். கிழக்கே கப்பலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை என்ற பேச்சு இன்னும் வழங்கும் நல்லூர் எதுவாயினும், அங்கே உள்ள வாசகர்கள் எனக்கு ஒரு வரி எழுதினால் பாட்டிக்குத் தெரிவிப்பேன். அவளுக்கு வயது எண்பத்திரண்டு.