போத்தல் வரம்பு

எனக்குத் தோட்டம் கிடைத்தது 2018 பங்குனியில். நகரத்தின் விளிம்பில், ரயில் பாதையோரம் ஒரு துண்டு நிலம். ஜேர்மனியில் இப்படியான தோட்டங்களுக்கென்று 1983 இல் தனிச் சட்டமே வந்தது. துண்டு 400 சதுர மீற்றருக்கு மேல் போகக்கூடாது. குடில் 24 சதுர மீற்றருக்குள் இருக்கவேண்டும். அதில் நிரந்தரமாகக் குடியிருக்கக் கூடாது. கடைசி விதியை வாசித்தபோது சிரிப்பு வந்தது. நிலம் இருக்கும், குடியிருக்க முடியாது. எங்களுக்குப் பழகிய விஷயம்தானே.

படலையிலிருந்து குடில்வரை பன்னிரண்டு மீற்றர் சேறு. முதலில் நான் வேலைசெய்யும் ரெஸ்ரோறன்றுக்குச் சாமான் வந்திறங்கும் மரத்தட்டுகளைக் கழற்றிப் பலகையாகப் பரப்பினேன். இலையுதிர்காலத்தில் பாசி பிடித்தது. உருளைக்கிழங்குச் சாக்கோடு வழுக்கி விழுந்தேன். அடுத்த வருடம் யாரோ கழித்துவிட்ட சீமெந்துக் கற்களைக் கொண்டுவந்து மண்ணின்மேலேயே அடுக்கினேன். பார்க்க வடிவாய்த்தான் இருந்தது. பனிக்காலம் போனபின் பார்த்தால் ஒன்று மேலே, ஒன்று கீழே, கிழவரின் பல்லுமாதிரி.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் பௌதிகவியல் படித்தவன் நான். மிச்சத்தைப் படிக்க நாடு விடவில்லை. தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கும் என்று சோதனையில் எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். ஆனால் குளிர்சாதனப்பெட்டிக்கு வெளியே ஐஸைக் காணாத ஊரில் படித்த பாடம் அது. மண்ணுக்குள் உறையும் தண்ணீர் பெருப்பது மட்டுமல்ல, கீழேயிருந்து இன்னும் தண்ணீரை இழுத்துத் தட்டுத்தட்டாய் வளர்ந்து கல்லையே தூக்கும் என்பது கால் தடக்கிய பிறகுதான் விளங்கியது.

2020 பங்குனியில் கொரோனாவுக்கு ரெஸ்ரோறன்றுகளைப் பூட்டினார்கள். பக்கத்துத் துண்டுக்காரர் வீதி போடும் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். வேலிக்கு அப்பால் ஒன்றரை மீற்றர் தள்ளி நின்றே சொல்லித் தந்தார். இருபத்தைந்து சென்ரிமீற்றர் வெட்டு. களிமண்ணை முழுக்க எடு. பதினைந்து சென்ரிமீற்றருக்கு உடைகல்லை இரண்டு தரமாய்ப் போட்டு இடி. அதன்மேல் நாலு சென்ரிமீற்றர் மணல். பலகையால் இழுத்து மட்டம் பார். ஒரு மீற்றருக்கு இரண்டு சென்ரிமீற்றர் பக்கவாட்டில் சரிவு விடு. "முதலில் தண்ணீருக்குப் பாதை போடு, பிறகு உனக்குப் போடு" என்றார். உடைகல் ஏற்றவே ஒற்றைச்சில்லு வண்டியோடு முப்பது நடை போனது.

ஓரம் கட்டக் கல் வாங்கச் சொன்னார். நான் ரெஸ்ரோறன்றில் சேர்ந்துகிடந்த வெறும் வைன் போத்தல்களைக் கொண்டுவந்து தலைகீழாய்ப் புதைத்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

மயிலிட்டியில் எங்கள் வீட்டுக்கு அப்படித்தான் வரம்பு. ஐயா குடிக்காதவர். தவறணையில் வெறும் போத்தல் வாங்கிவந்து படலையிலிருந்து வாசல்வரை புதைத்து, நடுவில் வெள்ளை மணல் பரப்பியிருந்தாராம். 1990 ஆனியில் நாங்கள் ஓடியபோது எனக்கு மூன்று வயது. அந்தப் பாதையில் நடந்த ஞாபகம் எனக்கில்லை. எல்லாம் அம்மா சொன்னது. ஐயா அந்தக் காணியைத் திரும்பப் பார்க்காமலே 1998 இல் போய்விட்டார்.

2017 யூலையில் மயிலிட்டியில் ஒரு பகுதியை விட்டார்கள். அம்மா அக்காவோடு போனா. வீடு இல்லை, கிணறு தூர்ந்துபோயிருந்தது. காலால் மண்ணைத் தள்ளியபோது ஒரு போத்தலின் அடி தெரிந்தது. பிறகு இன்னொன்று. அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் வாசல் இருந்த இடத்தைக் கண்டுபிடித்தார்கள்.

பிறகு அங்கே சின்னதாய் ஒரு வீடு எழும்பியது. நான் என் பாதையை முடித்த அடுத்த வருடம் அம்மா தொலைபேசியில் சொன்னா, போத்தல்களை எடுத்துவிட்டுச் சீமெந்து போடப்போகிறாவாம். நான் கத்தினேன். ஐயாவின் கையால் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான் என்றேன்.

"நடக்கிறது நானெல்லோ தம்பி, நீ இல்லையே. மாரிக்கு வழுக்குது. போன கிழமையும் விழப்பார்த்தனான்."

இரண்டு கிழமை கதைக்கவில்லை. என் அகதிக் கடவுச்சீட்டு இலங்கை தவிர மற்ற நாடுகளுக்கென்று எழுதித்தான் தரப்பட்டது. போகமுடியாதவன், அங்கே ஒன்றும் மாறக்கூடாது என்று நினைத்துவிட்டேன். என் பாதையை மட்டும் மூன்றுதரம் மாற்றினேன். நான் விழுந்தபோது பலகையைக் கழற்றினேன். அம்மா விழாமல் நடக்க ஆசைப்பட்டது எனக்குத் துரோகமாய்த் தெரிந்தது.

பிறகு நானே எடுத்துக் கதைத்தேன். "எந்தப் பக்கம் சரிவு விட்டிருக்கிறாய் எண்டு மேசனைக் கேளுங்கோ" என்றேன். அம்மா சிரித்தா. எடுத்த போத்தல்களைக் கிணற்றடியில் அடுக்கி வைத்திருக்கிறாவாம்.

இங்கே முதல் பனியிலேயே என்னுடைய போத்தல்களில் நாலு வெடித்தன. உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தது. மிச்சத்தை எடுத்து, காய்ந்த மணல் நிரப்பி, தக்கை அடித்துத் திரும்பப் புதைத்தேன். ஐயாவுக்குத் தேவைப்படாத வேலை. இந்தமுறை பனிக்குப் பிறகு ஒரு கல் மட்டும் கிளம்பியிருக்கிறது. மழை விட்டதும் கிளப்பிப் பார்க்கவேண்டும்.