ஸ்கோர் ஊருக்கு, நம்பர் யாருக்கு?

443 நாட் அவுட். கிரிக்கெட் பைத்தியங்களுக்கு இந்த எண்ணைச் சொன்னாலே ஆளு யாருன்னு தெரிஞ்சிடும். 1948 டிசம்பர்ல இதே புனேயில, பூனா கிளப் மைதானத்துல, காத்தியவாருக்கு எதிரா பாவுசாகேப் நிம்பல்கர் அடிச்சது. அப்போ உலக சாதனை பிராட்மேனோட 452 நாட் அவுட். இன்னும் பத்தே ரன்தான் வேணும். இடைவேளையில எதிரணி ஆட்டத்தையே விட்டுக்கொடுத்துட்டு கிளம்பிட்டாங்க. மனுஷன் கடைசி வரைக்கும் ஒரு டெஸ்ட்கூட ஆடல.

பாருங்க, இவ்வளவும் எனக்குத் தெரியுது. இதுக்காக நான் யார்கிட்டயும் அனுமதி வாங்கல, வாங்கவும் வேண்டியதில்ல. நாலு பேர் பாக்க ஆடின ஆட்டம், அதோட ஸ்கோர் ஊருக்குச் சொந்தம். அந்தக் காலத்து ஸ்கோர் நோட்டுல இருந்ததும் அவ்வளவுதான். பேரு, ரன்னு, யார் பந்துல எப்படி அவுட்.

இப்போ நோட்டு போய் ஆப் வந்தாச்சு. ஞாயித்துக்கிழமை காலையில புனேயில எந்த கிரவுண்டுக்குப் போனாலும் டென்னிஸ் பால் மேட்ச்சுக்குக்கூட ஒருத்தர் மொபைல்ல பால் பை பால் தட்டிக்கிட்டு உக்காந்திருப்பார். வேகன் வீல், ஸ்டிரைக் ரேட், எல்லாம் வரும். நல்ல விஷயம்தான், நானே ரசிச்சுப் பாப்பேன். ஆனா கூடவே செல் நம்பர், பிறந்த தேதி, போட்டோ, அடுத்த மேட்ச் எங்க, எத்தனை மணிக்குங்கறதும் அதே இடத்துல போய் உக்காந்துக்குது. ஸ்கோரோட ஒட்டிக்கிட்டு வர்றதால இதுவும் ஊர்ச் சொத்து மாதிரியே நமக்குத் தோணிடுது. கோளாறே அங்கதான்.

எங்க சொசைட்டியில (அபார்ட்மென்ட்டை இங்க அப்படித்தான் சொல்வாங்க) ஒரு மதுரைக்காரக் குடும்பம். பையனுக்கு 13 வயசு. அண்டர்-14 டோர்னமென்ட் ஒண்ணுல ஆடினான். வயசு சரிபாக்கணும்னு பிறந்த தேதி, ஒரு போட்டோ, அப்பா நம்பர் எல்லாம் வாங்கி, நடத்துறவரோட ஆளு ஆப்ல ஏத்திட்டார். அடுத்த வாரம் ஒரு கோச்சிங் சென்டர்லேர்ந்து போன். "உங்க பையன் ஞாயித்துக்கிழமை 34 அடிச்சானே, எங்ககிட்ட சேத்துவிடுங்க"ன்னு பேரு சொல்லிப் பேசியிருக்காங்க. நம்பர் ஆப்லேர்ந்து போச்சா, டோர்னமென்ட் லிஸ்ட்லேர்ந்து போச்சா, யாருக்கும் தெரியல.

அப்பாவுக்கு முதல்ல பெருமைதான். அந்தம்மாதான் என்கிட்ட கேட்டாங்க: "அண்ணா, அவன் எந்த கிரவுண்டுல எத்தனை மணிக்கு இருப்பான்னும் அவங்களுக்குத் தெரியுமா?"

லாகின் பண்ணாமலே அந்தப் பக்கத்தைத் திறந்து பாத்தோம். பையன் போட்டோ, அடுத்த ஞாயிறு மேட்ச், கிரவுண்டு பேரு, காலை ஏழரை மணி. எல்லாம் இருந்துச்சு. அந்தம்மா அதுக்கப்புறம் ஒண்ணும் பேசல.

நடத்துற தாதாகிட்ட சொன்னா "காஹி ப்ராப்ளம் நாஹி"ன்னு டீம் லிஸ்ட்லேர்ந்து பேரைத் தூக்கிட்டார். ஆனா பையனோட பக்கம் அப்படியே இருக்கு. கம்பெனிக்கு மெயில் போட்டா, "அழிச்சா பழைய ஸ்கோர்கார்டு கெட்டுடும்"னு பதில்.

பொட்டி தட்டிப் பிழைக்கிறவன், அதுவும் டேட்டாபேஸ்காரன். அதனால சொல்றேன், இது சாக்கு. விக்கெட் எடுத்த பவுலருக்கு அந்த விக்கெட் கணக்குல இருக்கணும், நியாயம்தான். ஆனா பந்து விவரம் இருக்கிற டேபிளுக்கு வேண்டியது ஒரு ஐடி மட்டுமே. பேரு, போட்டோ, நம்பர் வேற டேபிள்ல இருக்கலாம். அதை அழிச்சிட்டு "ஆட்டக்காரர் 7"னு போட்டா ஒரு ரன்கூடக் குறையாது.

பேரு இல்லாட்டாலும் இடமும் நேரமும் மட்டுமே காட்டிக்கொடுக்கும்ங்கறது வேற கதை. ஓடுறவங்களுக்கான ஸ்ட்ராவா ஆப் 2017 நவம்பர்ல உலகம் பூரா யார் எங்க ஓடுறாங்கன்னு பேரில்லாம ஒரு வரைபடம் போட்டுச்சு. 2018 ஜனவரியில ஒரு ஆஸ்திரேலிய மாணவர் உத்துப் பாத்தா, ஆப்கானிஸ்தான், சிரியா பக்கம் ராணுவ முகாம்கள் கோடு கோடா தெரியுது! பட்டாளத்துக்கே அந்தக் கதின்னா, வாராவாரம் ஒரே கிரவுண்டுக்கு வர்ற பையனை என்ன சொல்ல?

சட்டம் என்ன சொல்லுதுன்னு தேடினேன். அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017 ஆகஸ்ட் 24ல, புட்டசாமி வழக்குல, உச்ச நீதிமன்றத்தோட ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலாச் சொல்லிட்டாங்க. 2023ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. அதுபடி 18 வயசு ஆகாத எல்லாருமே குழந்தைதான். பெத்தவங்க சம்மதம் வாங்கணும், அது நிஜமாவே பெத்தவங்கதானான்னு சரிபாக்கணும். குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது, குறி வெச்சு விளம்பரம் காட்டக் கூடாது. மீறினா 200 கோடி ரூபாய் வரைக்கும் அபராதம். வேலைக்குத் தேவையில்லாததுக்கு நாம சம்மதம் குடுத்திருந்தாலும் அது செல்லாது. சட்டத்துலயே ஒரு உதாரணம் இருக்கு: வைத்திய ஆப் ஒண்ணு போன்ல இருக்கிற கான்டாக்ட் லிஸ்டைக் கேட்டு, நாம சரின்னு சொல்லியிருந்தாலும், அந்தச் சம்மதம் வைத்தியத்துக்கு மட்டும்தான். ஸ்கோர் போட கான்டாக்ட் லிஸ்ட் எதுக்குங்க?

நாமளே பகிரங்கமா வெளியிட்ட விவரத்துக்கு இந்தச் சட்டம் துணைக்கு வராது. ஆனா பையன் விவரத்தை வெளியிட்டது அவனும் இல்ல, பெத்தவங்களும் இல்ல. ஸ்கோர் போட்டவர். ஒருத்தர் நம்பரை இன்னொருத்தர் தூக்கிக் குடுக்கிறதுல "சம்மதம்" எங்க இருக்கு?

விதிகள் 2025 நவம்பர்லதான் வந்துச்சு. கம்பெனிகளோட முக்கியமான கடமைகளுக்கு அதுலேர்ந்து 18 மாசம் அவகாசம், அதாவது 2027 மே. பையனுக்கு மேட்ச் அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்காது. அதனால பிள்ளை பேரைக் குடுக்கறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. ஆப்ல என்னென்ன ஏத்துறீங்க? யார் யார் பாக்கலாம்? வேணாம்னா யார்கிட்ட சொல்லணும்? வயசுக்குச் சான்றிதழைக் கண்ணுல காட்டினா போதும், ஏத்த வேண்டியதில்ல. போட்டோ வேணாம். பாதிப் பேரும் எண்ணும் போதும்.

நாலு மெயில் போட்டதுக்கப்புறம் பையன் போட்டோவையும் பிறந்த தேதியையும் எடுத்தாங்க. பேரு இன்னும் இருக்கு. அவன் இப்பவும் ஆடுறான். அந்தம்மா இப்பல்லாம் கூடவே கிரவுண்டுக்குப் போறாங்க, மேட்ச் முடியுற வரைக்கும் உக்காந்திருக்காங்க.