எங்கள் வாசலில் டில்லி வசந்தம்

சித்திரையும் வைகாசியும் இளவேனிற் காலம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள் நாம். அந்தக் கணக்கை நம்பி டில்லிக்கு வருகிறவன் ஏமாந்து போவான். சித்திரையில் இங்கே மேற்கேயிருந்து ‘லூ’ என்னும் அனற்காற்று கிளம்ப ஆயத்தமாகிக் கொண்டிருக்கும். டில்லியின் பூக்காலம் தை மாதக் கடைசியில், வசந்த பஞ்சமியை ஒட்டித் தலைகாட்டி, மாசி முழுவதும் கொலுவிருந்து, பங்குனி பாதிக்குமேல் விடைபெற்றுக்கொள்ளும். ஆறு வாரம்; மிஞ்சினால் எட்டு வாரம். அந்தக் குறுகிய வாழ்வுக்காக ஐப்பசியிலிருந்தே பாடுபட வேண்டும். நம்மூரில் பூச்செடி என்றால் ஒருமுறை வைத்தால் பல ஆண்டுக்கு நிற்கும். இங்கோ வசந்தப் பூக்களில் பெரும்பாலானவை ஓராண்டுச் செடிகள். விதைத்து, பூத்து, காய்த்து, வெயில் ஏறியதும் மடிந்துவிடும்.

எங்கள் ரெயில்வே குவார்ட்டர்ஸின் முன்னால் பன்னிரண்டு அடி நீளமும் எட்டு அடி அகலமும் கொண்ட ஒரு துண்டு நிலம் உண்டு. நாங்கள் குடிவந்த புதிதில் அதில் செங்கல் துண்டும் கரியும்தான் கிடந்தன. பக்கத்து வீட்டில் வசிக்கும் பஞ்சாபிப் பாட்டியம்மாள்தான் அதைத் தோட்டமாக்கும் வழியை எங்களுக்குக் காட்டினார். காலனியில் எல்லோரும் அவரை ‘பீஜி’ என்றே அழைப்பார்கள். ஐப்பசிக் கடைசியில் சைக்கிள் வண்டிக்காரன் ஒருவன் ‘பனீரி, பனீரி’ என்று கூவிக்கொண்டு வருவான். பனீரி என்பது நாற்று. ஈரச் சாக்கில் சுற்றிய நாற்றுக் கட்டுக்களை அவிழ்த்து, பெட்டூனியா, ஃபிளாக்ஸ், பேன்ஸி, கலெண்டுலா என்று பிரித்துக் கொடுப்பான். ‘டாக் ஃபிளவர்’ என்று அவன் சொல்வதற்குப் புத்தகப் பெயர் ஆன்டிரைனம். அதன் இதழை இருபக்கமும் லேசாக அமுக்கினால் நாய் வாயைத் திறப்பதுபோல் திறக்கும். காலனிக் குழந்தைகளுக்கு அதைவிட வேறு விளையாட்டுச் சாமான் வேண்டியதில்லை. சுவீட் பீ என்னும் கொடியை மட்டும் நாற்றாக வாங்கக்கூடாது என்பார் பீஜி. விதையை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, புரட்டாசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ, மக்கிய சாணம் கலந்த ஆழமான பாத்தியில் நேராக ஊன்றிவிட வேண்டும்.

இப்படி ஐந்தாறு வசந்தங்களைக் கண்டுவிட்ட எங்கள் வாசலுக்கு 2024 ஐப்பசியில் என் தாயார் வந்து சேர்ந்தாள். தகப்பனார் காலமான பிறகு தோவாளைப் பக்கத்து எங்கள் ஊரில் அவளைத் தனியே விட்டுவைக்க எனக்கு மனம் இல்லை. அவளுக்கோ ஊரை விட மனம் இல்லை. தோவாளை என்றால் பூச்சந்தை. விடியுமுன் பிச்சியும் கேந்தியும் மலையாகக் குவியும் இடத்தில் பிறந்து வளர்ந்தவள். நாகர்கோவிலில் திருக்குறள் எக்ஸ்பிரஸில் ஏறி இரண்டு இரவு கழித்து நிஜாமுத்தீனில் இறங்கியபோது, அவள் மடியில் இருந்தது பலகாரத் தூக்கு அல்ல. ஈரத்துணி சுற்றிய ஒரு பை. அதில் இரண்டு கனகாம்பர நாற்றும் நாலு பிச்சிக் கம்பும் இருந்தன.

என் நாற்றுக்களைப் பார்வையிட்டுவிட்டு அவள் கேட்ட முதற்கேள்வி, “இதிலே தொடுக்கிற பூ எது, மக்கா?” என்பதுதான்.

தொடுக்கிற பூ ஒன்றும் இல்லை என்று நான் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. மணக்கிற பூவும் ஒன்றுதான்; சுவீட் பீ. தலையில் வைக்கவும் ஆகாமல், சாமிக்கும் சாத்த முடியாமல், வெறுமே பார்ப்பதற்காகப் பூவை வளர்ப்பார்களா என்று அவள் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இன்றைக்கும் முழுமையாக வந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன்.

மார்கழி பிறந்தது. டில்லிக் குளிரைப் பற்றி இங்கே வாழும் அன்பர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. தை மாத விடியலில் சில நாட்கள் வெப்பமானி 4 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இத்தகைய இரவுகளில் பேன்ஸியும் கலெண்டுலாவும் சுகமாக உறங்கும். அவை குளிர் தேசத்துப் பிள்ளைகள். கனகாம்பரம் அப்படியல்ல. சாக்கு போட்டு மூடினோம்; இரவில் தொட்டியைச் சமையலறைக்குள்ளும் வைத்துப் பார்த்தோம். ஒரு காலையில் இலையெல்லாம் வெந்நீர் பட்டதுபோல் கறுத்துத் தொங்கியது. பிச்சிக் கம்புகள் வேர்விடாமலே உலர்ந்தன. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்று பகல் முழுவதும் கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்துவிட்டு, மாலையில் நான் அலுவலகத்திலிருந்து திரும்பியதும், “விஷுவுக்கு நான் ஊரில் இருக்கணும். டிக்கெட் எடுத்துவிடு” என்றாள்.

பயணத் தேதிக்கு 60 நாட்களுக்கு முன்னர்தான் முன்பதிவு திறக்கும். தினந்தோறும் பிறருக்கு இதே விதியைச் சொல்லும் நான் இம்முறை எனக்கே சொல்லிக்கொண்டு காத்திருந்தேன். தை மாதக் கடைசியில் பதிவும் செய்தேன். டிக்கெட்டை அவள் தன் ராமாயணப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்த வாரத்தில்தான் தோட்டம் திறந்துகொண்டது. பூத்தது என்று சொன்னால் போதாது. நேற்றுவரை பச்சைப் புதராக இருந்த ஃபிளாக்ஸ் பாத்தி, வெயில் சற்றுச் சூடேறிய ஒரு முற்பகலில், ரங்கோலிப் பொடி கொட்டியதுபோல் ஆகிவிட்டது. வேலியோரத்து நஸ்டர்ஷியம் குட்டித் தாமரை இலைபோன்ற வட்ட இலைகளுக்கு நடுவே ஆரஞ்சுப் பூக்களை நீட்டியது. அந்த இலையை மென்றால் கடுகின் காரம் நாக்கில் ஏறும். என் மகன் தோசையில் வைத்துத் தின்று பார்த்தான். ஆளுயரத்துக்குமேல் வளரும் ஹோலிஹாக்கைப் பார்த்து, “இது வெண்டைப்பூ ஜாதியல்லவா?” என்றாள் அம்மா. அப்புறம் புத்தகத்தில் பார்த்தேன். வெண்டை, பருத்தி, செம்பருத்தி எல்லாம் அதற்கு உறவுதான். மெட்ரிகுலேஷன் தேறிய மகனுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்திருந்தது.

சுவீட் பீ பூத்த அன்று எங்களுக்குள் சச்சரவு மூண்டது. காலையில் நான் எழுந்து வந்தபோது கொடியில் ஒரு பூ இல்லை. அத்தனையும் பூஜை அலமாரியில் முருகன் படத்துக்கு முன்னால் ஒரு டம்ளரில் இருந்தன. ஃபிளாக்ஸ் பூக்களைக் காம்போடு கிள்ளி, வாழைநார் கிடைக்காத குறைக்குத் தையல் நூலில் தொடுத்து, என் மகளின் சடையில் சூட்டியும் இருந்தாள். பள்ளிக்கூட வாசலுக்குப் போவதற்குள் அந்தச் சரம் துவண்டுபோயிற்று என்பது வேறு விஷயம். ஐந்து மாதம் பாடுபட்ட நான், “பார்ப்பதற்காக வைத்த பூவைப் பறிக்கலாமா?” என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன். அம்மா உள்ளே போய்விட்டாள்.

சத்தம் கேட்டு வேலியருகே வந்த பீஜி விஷயத்தை அறிந்ததும் சிரித்தார். “உன் தாயார் செய்ததுதான் சரி. பறி, பறி! பறித்தால்தான் கொடி மேலும் பூக்கும்” என்றார். அதற்குக் காரணமும் விளங்கச் சொன்னார். ஓராண்டுச் செடியின் நோக்கம் விதை வைப்பது. காய் பிடித்துவிட்டால் தன் கடமை தீர்ந்ததென்று பூப்பதை அது குறைத்துக்கொள்ளும். பூவைப் பறித்துக்கொண்டே இருந்தால் மீண்டும் மீண்டும் மொட்டு விடும். சுவீட் பீயில் இது மிக வெளிப்படை. பேன்ஸி, பெட்டூனியா, கலெண்டுலா முதலியவற்றிலும் வாடிய தலைகளை அன்றாடம் கிள்ளுவது இதற்காகவே. இத்தனை ஆண்டுகள் என் சுவீட் பீ மாசி முடியுமுன்பே அலுத்துப்போனதன் காரணம் அன்றுதான் எனக்குப் புரிந்தது. (ஒரு எச்சரிக்கை: அதன் காய் பட்டாணிபோலவே இருக்கும், விதை நஞ்சு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் கவனம் வேண்டும்.)

அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்பது எனக்குப் பழக்கமில்லாத காரியம். மறுநாள் விடியலில் பூக்கூடையை அவள் கண்ணில் படும்படி வாசற்படியில் வைத்தேன். அவள் எடுத்துக்கொண்டு இறங்கினாள். அன்று தொட்டு அந்தப் பாத்தி அவளுடையதாயிற்று. பீஜிக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்கு இந்தி தெரியாது. இருவரும் காலை வெயிலில் ஆளுக்கொரு மணையில் அமர்ந்து, வாடிய பூக்களைக் கிள்ளிக்கொண்டே, அவரவர் மொழியில் மணிக்கணக்காகப் பேசினார்கள்.

மாசியில் ஒரு ஞாயிறன்று எல்லோருமாக ராஷ்டிரபதி பவனத் தோட்டத்துக்குப் போனோம். லுட்யன்ஸ் வகுத்த 15 ஏக்கர் பூங்கா அது. முகல் கார்டன் என்று வழங்கிவந்தது, 2023 ஜனவரியில் அம்ருத் உத்யான் ஆயிற்று. வசந்தத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். நீரோடைகளின் இருமருங்கும் நம் வாசலில் இருக்கும் அதே பூக்கள் ஆயிரக்கணக்கில் அணிவகுத்து நின்றன. அவற்றோடு நாம் காணாத ட்யூலிப்பும். அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, “இத்தனை பூவும் ஒருத்தி தலையிலும் ஏறலையே” என்று பெருமூச்சு விட்டாள். திரும்பும் வழியில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் செந்நிறப் பூக்களை மட்டும் தாங்கி நின்ற இலவமரங்களை பஸ் ஜன்னல் வழியே காட்டினேன். அவை அவளுக்குப் பிடித்திருந்தன.

இந்த வசந்தம் ஆண்டுக்காண்டு சுருங்கி வருகிறதோ என்ற அச்சம் இங்குள்ள தோட்டப் பிரியர்களுக்கு உண்டு. 2022 மார்ச்சு மாதம், 1901 முதல் பதிவான மார்ச்சுகளிலேயே இந்தியாவில் மிக வெப்பமானதாக இருந்தது. அந்த ஆண்டு எங்கள் பேன்ஸி ஹோலிப் பண்டிகைக்குள் கருகிவிட்டது. மறு ஆண்டு பிப்ரவரியே சூட்டில் பழைய கணக்கை முறியடித்தது. மாலையில் நீர் விடுவதும், வேரடியில் சருகு பரப்புவதும் ஏதோ சில நாட்களைக் கூட்டித் தருகின்றன.

பங்குனியில் பாத்திகள் காயத் தொடங்கியபோது, பீஜி தம் வீட்டுச் சமேலிக் கொடியிலிருந்து வேர்விட்ட ஒரு பதியனை வெட்டிக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார். இது உங்கள் பிச்சிதான் என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை. “இலை அதுபோலத்தான் இருக்கு. பூத்தால் அல்லவா தெரியும்?” என்றாள். சமேலி மழைக்காலத்தில்தான் பூக்கும். அவள் டிக்கெட்டோ விஷுவுக்கு முந்திய வாரத்துக்கு. பதியனைத் தன் கையால் நட்டு, இரண்டு நாள் நிழல் கட்டிவிட்டு, ரெயில் ஏறினாள். நிஜாமுத்தீனில் வண்டி நகரும்போது அவள் சொன்னதெல்லாம் செடிக்குத் தண்ணீர் விடும் முறைதான்.

ஆவணியில், நல்ல மழை பெய்த மறுநாள் மாலை, சமேலி முதன்முறையாக மொட்டு விட்டது. உடனே தொலைபேசியில் அழைத்தேன்.

“மொட்டுக்கு வெளிப்பக்கம் சிவப்பு ஓடியிருக்கா, பார்” என்றாள்.

விளக்கைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். வெள்ளை மொட்டின் புறத்தே இளஞ்சிவப்புக் கீற்று தெளிவாக இருந்தது. சொன்னேன்.

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, “அந்த நாற்றுக்காரன் எப்போ வருவான்?” என்று கேட்டாள்.

ஐப்பசிக் கடைசியில் என்றேன்.

“அதுக்கு முன்னே வர்றமாதிரி ஒரு டிக்கெட் எடு. கீழ்ப் படுக்கையாகப் பார்த்து எடு” என்றாள்.