மார்ச்சில் வரும் லெந்து

லெந்து என்கிற தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் எவ்வளவு முந்தி வந்தாலும் பிப்ரவரி 4-க்கு முன்னால் வராது. எவ்வளவு பிந்தினாலும் மார்ச் 10-ஐத் தாண்டாது. அதனால் லெந்து நாட்களிடமிருந்து மார்ச் மாதம் தப்பவே முடியாது. மார்ச்சிடமிருந்து லெந்தும் தப்ப முடியாது என்பது வங்கியில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் உபவாசமும் தியானமுமாக இருக்கிற நாட்களில் எங்களுக்கு வராக்கடன், டார்கெட், ஆண்டுக் கணக்கு முடிப்பு. வீட்டில் பிளஸ் டூ எழுதுகிற பிள்ளையும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் லெந்து பிறந்தால் பல வீடுகளில் கறி, மீன் நின்றுவிடும். கல்யாணம் வைக்கமாட்டார்கள். சிலர் காப்பியை விடுவார்கள், சிலர் சீரியலை. எனக்குக் கறியை விடுவது ஒரு கஷ்டமே இல்லை. நல்ல புளிக்குழம்பும் சுட்ட அப்பளமும் போதும். கஷ்டமில்லாததை விட்டு என்ன பிரயோசனம் என்றுதான் ஒரு வருஷம் முறுமுறுப்பை விட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது.

விட்டதும் முதலில் தெரிந்தது, பேச விஷயமில்லை என்பது. எங்கள் கிளையில் மதியம் டிபன் பாக்ஸ் திறக்கிறபோதே புலம்பலும் திறந்துவிடும். காலையிலிருந்து சர்வர் தொங்குகிறது. ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் டார்கெட் கேட்கிறார்கள். பாஸ்புக் என்ட்ரிக்கு வந்த தாத்தா எல்லோருக்கும் முன்னால் சத்தம் போட்டார். ஒருத்தி ஆரம்பிப்பாள், அடுத்தவள் அதைவிடப் பெரியதாக ஒன்றை எடுத்துப் போடுவாள், கூட்டு பொரியலோடு அதுவும் கை மாறும். எங்கள் சிநேகமே அதில்தான் வளர்ந்தது. நான் வாயைத் திறக்காமல் சாப்பிட்டதைப் பார்த்து கேஷ் கவுண்டர் பெண் கேட்டாள்: “என்னக்கா, நீங்களும் மேனேஜ்மென்ட் பக்கம் போயிட்டீங்களா?”

கோபம் வரவில்லை. அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. சேர்ந்து புலம்பாதவரை இந்த ஊரில் யாரும் நம்பமாட்டார்கள்.

இன்னொன்றும் பிடிபட்டது. வேலை நெருக்கடியில் நாம் சொல்கிற குறையில் பாதி, பெருமை. ‘மூச்சு விட நேரமில்லை’ என்கிறபோது ஒரு மிடுக்கு இருக்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? நான் இல்லாவிட்டால் இந்தக் கிளை ஓடாது, இந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பதைத்தான் அலுத்துக்கொள்கிற குரலில் சொல்கிறோம். உபவாசம் இருக்கும்போது முகத்தை வாடவைத்துக்கொண்டு திரியாதே, தலைக்கு எண்ணெய் வை, முகத்தைக் கழுவு என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் சொன்னது, சாப்பாட்டை விட்டவர்களைவிட வேலை செய்து களைத்தவர்களுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

புகாரை விடுவதற்கு உலகத்தில் விதவிதமான உபாயங்கள் உண்டு. 2006-இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் வில் போவன் என்கிற போதகர் சபையாருக்கு ஊதா நிற வளையம் கொடுத்தார். குறை சொன்னால் வளையத்தைக் கழற்றி அடுத்த கையில் போட வேண்டும். ஒரே கையில் 21 நாள் நிற்க வேண்டும். (லெந்துக்கும் ஊதாதான் நிறம்.) அது எனக்குச் சரிப்படாது, கவனமெல்லாம் கணக்கில் போய்விடும், கணக்கு வங்கியிலேயே போதுமானது இருக்கிறது. 2017-இல் போப் பிரான்சிஸ் தம் அறைக் கதவில் ஒரு பலகை மாட்டினார். சல்வோ நோயே என்கிற இத்தாலிய மனோதத்துவ நிபுணர் கொடுத்தது. ‘புலம்பத் தடை’ என்பது விஷயம். மீறினால் எப்போதும் நான்தான் பாதிக்கப்பட்டவன் என்கிற வியாதி வரும். பிள்ளைகள் முன்னால் மீறினால் தண்டனை இரண்டு மடங்கு. பரீட்சைக்குப் படிக்கிற பையன் உட்கார்ந்திருக்கிற வீட்டில் மாட்ட வேண்டிய பலகை அது.

ஆனால் பலகையோடு விஷயம் முடியவில்லை. முறுமுறுக்கக் கூடாது என்றால் எல்லோரும் எண்ணாகமம் 11-ஆம் அதிகாரத்தைத்தான் எடுப்பார்கள். வனாந்தரத்தில் மன்னா சலித்துப்போய், எகிப்தில் சும்மா கிடைத்த மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து ஜனங்கள் அழுத கதை. அங்கே அடிமையாகச் செங்கல் அறுத்தது மட்டும் மறந்துவிட்டது. பிரசங்கம் வழக்கமாக இங்கேயே நின்றுவிடும். அதே அதிகாரத்தில் மோசேயும் குறை சொல்கிறார். இத்தனை பேரை நான் ஒருவனே சுமக்க முடியாது, இதைவிட என்னைக் கொன்றுபோடும் என்கிறார். அவருக்குத் திட்டு விழவில்லை. பாரத்தைப் பங்கிட 70 மூப்பர்கள் கிடைத்தார்கள். ஜனங்கள் தங்கள் கூடார வாசல்களில் நின்று அழுதார்கள். மோசே கேட்க வேண்டிய இடத்தில் கேட்டார்.

இப்படிப் பார்த்தால் வேதத்தில் நியாயமான புகாருக்கு எப்போதும் கதவு திறந்தே இருக்கிறது. அப்பாவுக்கு மகன் இல்லை என்பதற்காக எங்களுக்குப் பங்கு கிடையாதா என்று செலோப்பியாத்தின் ஐந்து பெண்பிள்ளைகள் மோசே முன்னால் வந்து கேட்டார்கள். அவர்கள் கேட்பது சரிதான் என்று தேவனே தீர்ப்புச் சொன்னார். அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில், அன்றாடப் பங்கீட்டில் எங்கள் விதவைகளை விட்டுவிடுகிறீர்கள் என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர்கள் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் பண்ணாமல், பந்தி விசாரிக்க ஏழு பேரை ஏற்படுத்தினார்கள்.

பெனடிக்ட் இதை இன்னும் நெருக்கத்தில் கண்டவர். 6-ஆம் நூற்றாண்டில் மடத்துத் துறவிகளுக்கு அவர் எழுதிய ஒழுங்குகளில் முறுமுறுப்பைத் திரும்பத் திரும்பக் கண்டிக்கிறார். திராட்சரசம் கிடைக்காத ஊரிலும் முறுமுறுக்கக் கூடாது என்கிற அளவுக்குக் கண்டிப்பு. ஆனால் 35-ஆம் அதிகாரத்தில் சமையல்கட்டுக்கு வரும்போது ஆள் மாறிவிடுகிறார். அந்த வாரத்துக்குப் பரிமாறுகிற முறைக்காரர்களுக்கு, பந்திக்கு ஒரு மணி நேரம் முன்பே கொஞ்சம் ரொட்டியும் குடிக்க ஒரு பானமும் கூடுதலாகக் கொடுக்கச் சொல்கிறார். எதற்கு? பந்தி நேரத்தில் முறுமுறுப்பும் அதிகக் களைப்பும் இல்லாமல் அவர்கள் பரிமாற வேண்டுமாம். பசித்த வயிற்றோடு அடுத்தவனுக்குப் பரிமாறுகிறவன் முறுமுறுக்கத்தான் செய்வான் என்று தெரிந்த மனுஷன்.

இதைப் படித்த பிறகு என் நோன்பைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். சரிசெய்யக்கூடியவரிடம் ஒரு தடவை, தெளிவாகச் சொல்வது. யாராலும் ஆகாதது என்றால் ஜெபத்தில் சொல்வது. சங்கீதக்காரர்கள் அங்கே புலம்பாத புலம்பலா? இரண்டிலும் சேராததை டிபன் பாக்ஸ் பக்கம் கொண்டுபோகாமல் விடுவது. ராத்திரி பத்து மணி வாட்ஸ்அப்பைப் பற்றி நான்கு பேர் கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் ஒரு கடிதம் கொடுத்தோம். இப்போது எட்டு மணிக்கே வந்துவிடுகிறது. என்னை மேனேஜ்மென்ட் பக்கம் சேர்த்த பெண்தான் முதல் கையெழுத்து.

எழுதியே ஆக வேண்டியது இன்னொன்று. நம் சபைகளில் முறுமுறுக்காதே என்கிற புத்திமதி பெரும்பாலும் பெண்களிடம்தான் சொல்லப்படுகிறது. பெரிய வெள்ளி மும்மணி நேர ஆராதனையில் உட்கார்ந்து, சனிக்கிழமை வீடு கழுவி, ஈஸ்டர் அன்று இருட்டோடு எழுந்து அதிகாலை ஆராதனைக்குப் போய், திரும்பி வந்து பத்துப் பேருக்குப் பிரியாணி போடுகிறவள் ‘அப்பாடா’ என்று ஒரு வார்த்தை சொன்னால், முறுமுறுப்பில்லாமல் செய்யச் சொல்லிப் பவுல் பிலிப்பியருக்கு எழுதியதை எடுத்துக் காட்ட நம் வீடுகளில் ஆள் இருக்கிறது. அப்படி எடுத்துக் காட்டுகிற அண்ணன்மாருக்கும் மாமாமாருக்கும் ஒரு வேண்டுகோள்: வசனம் சொல்வதற்கு முன்னால் அடுப்படிக்குப் போய் வெங்காயத்தை உரியுங்கள். அவளுக்கு ஒரு டம்ளர் காப்பி போட்டுக் கொடுங்கள். பந்திக்கு ஒரு மணி நேரம் முன்னால்.